தாலே நகரத்து இரும்புத் தொப்பி

ஜெர்மனி தேசத்தின் நடுப்பாகத்தில் ஹார்ட்ஸ் என்னும் மலைத்தொடர் ஒன்று உண்டு. அதன் தலைமைச் சிகரமாகிய பிராக்கன் 1,141 மீட்டர் உயரமே உடையது. ஆயினும் மூடுபனியும், காடும், சூனியக்காரிகளைப் பற்றிய கதைகளும் அதற்குத் தேடித் தந்திருக்கும் கீர்த்தி, உயரத்தைக் காட்டிலும் பெரிது. அம்மலையின் வடகிழக்கு ஓரத்தில், போடே என்னும் நதி செங்குத்தான கருங்கற் பாறைகளுக்கிடையே நெருக்குண்டு வந்து சமவெளியில் கால் வைக்கும் இடத்தில் தாலே என்னும் சிறு நகரம் அமைந்திருக்கிறது. மரச் சட்டங்கள் தெரியக் கட்டிய பழைய வீடுகளுக்குப் பேர்போன க்வெட்லின்பர்க் நகரிலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் தாலே வந்துவிடும். ரயில் பாதை அங்கே முடிந்து போகிறது. அப்பால் மலைதான்.

பிரயாணிகள் பெரும்பாலும் இவ்வூருக்கு வருவது இயற்கைக் காட்சிக்காகவே. பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் 'சூனியக்காரிகள் ஆடும் மேடை' என்ற பாறை 454 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில் 'குதிரைக் குளம்படி' என்ற பாறை. இரண்டையும் இணைத்து ஊரார் ஒரு கதை சொல்லுகிறார்கள். பிரன்ஹில்டா என்ற ராஜகுமாரி, தன்னைப் பலவந்தமாக மணக்க வந்த போடோ என்பவனுக்குத் தப்பிக் குதிரை மீது ஓடி வந்தாளாம். பள்ளத்தாக்கைக் கண்டும் கலங்காமல் குதிரையைத் தாண்டச் செய்தாளாம். குதிரை எதிர்ப்பாறையில் ஊன்றிய இடத்தில் குளம்பின் சுவடு பதிந்துவிட்டது. துரத்தி வந்த போடோ கவசத்தின் பாரத்தால் ஆற்றில் விழுந்து மாண்டான். அவன் பெயரே நதிக்கு வந்தது. ராஜகுமாரியின் பொன் முடியும் தலையினின்று நழுவி அம்மடுவில் விழுந்துவிட்டதாம். அதை மீட்டவர் எவரும் இல்லை.

கதையில் வரும் பொன் முடி மடுவிலேயே கிடக்கட்டும். அதே நதிக்கரையிலிருந்து பிற்காலத்தில் வேறொரு தலையணி புறப்பட்டது. அது பொன்னன்று, இரும்பு. அதை அணிந்தவர்களைக் கண்டு ஐரோப்பாக் கண்டத்தின் பெரும் பகுதி இரண்டு முறை நடுங்கிற்று. ஜெர்மன் சிப்பாயின் இரும்புத் தொப்பி முதன்முதலில் உருவான ஊர் இதுவே.

தோலிலிருந்து எஃகுக்கு

தாலேயில் இரும்புப் பட்டறை 1686-ம் ஆண்டில் தோன்றிற்று. மலையில் கனிமமும், காட்டில் கரியும், ஆற்றில் நீரோட்டமும் ஒருங்கே கிடைத்தமையால் தொழில் வளர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் இவ்வூர் எனாமல் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றது. இரும்புத் தகட்டை அழுத்திக் கிண்ணமாக்குவதிலும், அதன்மேல் பூச்சு ஏற்றிச் சூளையில் சுடுவதிலும் இவ்வூர்த் தொழிலாளிகள் கை தேர்ந்தவர்கள். பின்னர் இவர்களிடம் தொப்பி செய்யும் வேலை வந்தது தற்செயலன்று. குழிந்த பாத்திரத்தைக் கவிழ்த்தால் அதுதானே தொப்பி!

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டபோது ஜெர்மன் சிப்பாய்கள் அணிந்திருந்தது தோல் தொப்பி. 1842-ல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெடரிக் வில்லியம் காலத்தில் வழக்கத்திற்கு வந்தது. உச்சியில் கூர்முனை உடையது. கறுப்பு மெருகு ஏற்றியது. அணிவகுப்பில் அது கம்பீரமாக விளங்கிற்று. பதுங்கு குழியிலோ, வானில் வெடித்துச் சிதறும் குண்டின் சில்லுகளுக்கு அது காகிதத்திற்குச் சமானம். பட்டாணி அளவுள்ள இரும்புச் சில்லு ஒன்று மண்டையைத் துளைத்து ஒரு வாலிபனின் வாழ்வை முடித்துவிடும். ரண சிகிச்சையில் பேர்பெற்ற டாக்டர் அகஸ்ட் பியர் இதைக் கண்டு வருந்தினார். ஹானோவர் தொழிற் கலாசாலையைச் சேர்ந்த இஞ்சினீயர் பிரெடரிக் ஷ்வேர்ட் தலைக்காயங்களை ஆராய்ந்து எஃகுத் தொப்பி ஒன்றை வகுத்தார். 15-ம் நூற்றாண்டு வீரர்கள் அணிந்த தலைச்சீராவைப் போலவே, அதுவும் கழுத்தையும் காதையும் மறைத்துச் சரிந்து இறங்கியது.

1915 நவம்பரில் கும்மர்ஸ்டார்ப் மைதானத்தில் பரீட்சை நடந்தது. முப்பதினாயிரம் தொப்பிகளுக்கு உத்தரவு பிறந்தது. 1916 பிப்ரவரியில் வெர்டன் போர்க்களத்தில் அவை தலைகளில் ஏறின. பலமான தலைக்காயங்கள் வெகுவாகக் குறைந்தன. தொப்பியின் நெற்றிப் புறத்தில் இரு பக்கமும் சிறு கொம்புகள் போல இரண்டு குமிழ்கள் நீட்டிக் கொண்டிருக்கும். காற்றுப் போவதற்கும், காவற்காரர்கள் முகப்பில் கனத்த எஃகுத் தகடு ஒன்றை மாட்டிக் கொள்வதற்கும் அவை உதவின.

உயிரைக் காக்கும் பொருட்டுப் பிறந்த பொருள் என்பது மெய். அதே பொருள், உயிரைப் பறிக்கப் படையெடுத்துச் சென்றவர்களின் அடையாளமாகவும் ஆயிற்று என்பதும் மெய். இவ்விரண்டில் ஒன்றை மறந்து மற்றொன்றைச் சொல்பவர் சரித்திரம் சொல்பவர் அல்லர்.

வர்ணம் என்னும் நாட்குறிப்பு

தொப்பியின் எஃகு பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஒன்றுக்கொன்று வித்தியாசமான கதையைச் சொல்வது அதன்மேல் ஏறிய வர்ணம். ஆகவே பழைய இரும்புத் தொப்பியை மதிப்பிடுவோர், முதலில் பூச்சையே பார்க்கிறார்கள். பட்டறையில் ஏறிய ஆதிப் பூச்சு எது, போர்க்களத்தில் ஏறியது எது, யுத்தம் முடிந்த பின் ஏறியது எது, நேற்று ஒரு வியாபாரி ஏற்றியது எது என்று பிரித்தறிவது ஒரு தனிக் கலை.

1916-ம் ஆண்டுத் தொப்பிக்குப் பச்சை கலந்த சாம்பல் வர்ணம் வழுவழுப்பாகப் பூசப்பட்டது. மழை பெய்தால் அது பளபளத்துச் சத்துருவுக்கு இலக்குக் காட்டிற்று. சிப்பாய்கள் சேற்றை அள்ளிப் பூசிக் கொண்டார்கள், துணியால் மூடினார்கள். 1918 ஜூலை 7-ந் தேதி சேனைத் தலைமைக் காரியாலயத்திலிருந்து உத்தரவு ஒன்று வந்தது. பச்சை, காவி மஞ்சள், துருப் பழுப்பு ஆகிய நிறங்களைத் திட்டுத் திட்டாகப் பூசி, திட்டுகளுக்கிடையே விரற்கடை அகலத்தில் கறுப்புக் கோடு இடவேண்டும் என்பது உத்தரவு. இந்த வேலை பட்டறையில் நடந்ததன்று. படைகளின் கையால், தூரிகை கொண்டு நடந்தது. ஆதலால் ஒன்றைப் போல் மற்றொன்று இராது.

இரண்டாம் உலக யுத்தத்துத் தொப்பியில் கணக்கு இன்னும் நுட்பமானது. 1935-ல் புதிய மாதிரி வந்தது. அளவில் சிறியது; விளிம்பு உள்ளே மடிக்கப்பட்டிருக்கும்; காற்றுத் துளைக்குத் தனி வளையம் பொருத்தியிருக்கும். 1940-ல் அந்தத் துளையைத் தகட்டிலேயே அழுத்தி உண்டாக்கினார்கள். 1942-ல் விளிம்பை மடிப்பதையும் நிறுத்தி, வெட்டியபடியே விட்டார்கள். யுத்தம் நீள நீள, வேலையில் சிக்கனம் புகுந்ததை இத்தொப்பியின் விளிம்பிலேயே வாசிக்கலாம்.

பூச்சும் அவ்வாறே மாறிற்று. தொடக்கத்தில் வழுவழுப்பான பச்சைச் சாம்பல். ஒரு பக்கம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு வரிகள் கொண்ட கேடயச் சின்னம். மறு பக்கம் கழுகுச் சின்னம். 1940 மார்ச்சில் கேடயத்தை நீக்கவும், ஒளி தெறிக்காத சொரசொரப்பான வர்ணம் பூசவும் உத்தரவாயிற்று. 1943 ஆகஸ்டில் கழுகும் போயிற்று.

ஆக, ஒவ்வொரு தொப்பியிலும் மூன்று கடிகாரங்கள் இருக்கின்றன: தகட்டின் வடிவம் ஒன்று, வர்ணம் ஒன்று, சின்னம் ஒன்று. மூன்றும் ஒத்த நேரம் காட்டவேண்டும். 1935-ம் வருஷத்துத் தொப்பியின் மேல் 1940-க்குப் பிந்திய சொரசொரப்பான வர்ணம் இருக்கலாம். பழைய தொப்பிக்கு மறுபடி வர்ணம் பூசினார்கள் என்று கொள்ளலாம். ஆனால் விளிம்பு மடியாத 1942-ம் வருஷத்துத் தகட்டின் மேல், 1940-லேயே நிறுத்தப்பட்ட கேடயச் சின்னம் இருந்தால் விழித்துக் கொள்ள வேண்டும். மகனுக்கு முன்பே பேரன் பிறப்பதில்லை.

தொப்பியின் உட்புறத்தில் செய்த இடத்தைக் குறிக்கும் எழுத்தும் அளவும் குத்தப்பட்டிருக்கும். தாலே பட்டறையின் குறி 'ஈ டி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். பிற்காலத்தில் அதை மறைத்துச் 'சி கே எல்' என்று குத்தினார்கள். எஸ்லிங்கன் நகரத்துக் க்விஸ்ட், லவுட்டர், ஃபுல்டா முதலிய இடங்களிலும் தொப்பி செய்தார்கள். அவற்றுள்ளும் எனாமல் பட்டறைகள் இருந்தமை கவனிக்கத் தக்கது.

கண்ணுக்குப் பயிற்சி

மெய்யான பூச்சைக் காணும் வழி என்ன? அநுபவம் உள்ளவர்கள் தொப்பியின் வெளிப்புறத்தை முதலில் பார்ப்பதில்லை. கவிழ்த்து உட்புறத்தைப் பார்க்கிறார்கள். வெளிப்புறம் வெயிலையும் மழையையும் கண்டது. வியாபாரியின் கைவரிசையும் பெரும்பாலும் அங்கேதான். உள்ளே தோல் பட்டைக்கு அடியில் உள்ள வர்ணமோ பட்டறையை விட்டு வந்த நாள் முதல் ஒளி படாதது. அதன் ஆதி நிறம் அங்கே பத்திரமாக இருக்கும். தோல் பட்டையைத் தாங்கும் ரிவெட்டு ஆணிகள் மூன்றும் எப்பொழுதேனும் கழற்றப்பட்டனவா என்பதையும் நோக்க வேண்டும். அசைக்கப்படாத ஆணியின் தலையைச் சுற்றி வர்ணமும் அழுக்கும் துருவும் ஒரே வளையமாகக் கூடியிருக்கும். கழற்றி மாட்டிய ஆணியில் அந்த வளையம் உடைந்து காணும்.

அடுத்தது தேய்மானம். சிப்பாய் தொப்பியைக் கழற்றினால் தரையில் வைப்பான். மாட்டுவதற்கு விளிம்பைப் பிடிப்பான். ஆகவே உச்சியும், விளிம்பும், மேடான இடங்களும் தேயும். பள்ளமான இடங்களில் வர்ணம் தங்கும். போலித் தொப்பியில் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்திருப்பார்கள். கீறல்கள் எல்லாம் ஒரு திசையில், ஒரே ஆழத்தில் ஓடும். கை படாத மூலையிலும் தேய்ந்திருக்கும். வாழ்க்கை அவ்வளவு சமமாக எவரையும் தேய்ப்பதில்லை.

துருவையும் படிக்கவேண்டும். பழைய துரு கறுத்த பழுப்பு நிறம். கெட்டியாகப் பற்றி, வர்ணத்தின் கீழிருந்து மெல்ல மேலெழும்பி அதைப் பொருக்காகத் தூக்கும். உப்பு நீராலோ திராவகத்தாலோ ஒரு வாரத்தில் வருவித்த துரு செம்மஞ்சள் நிறத் தூளாக விரலில் ஒட்டும்.

எல்லாவற்றிலும் சிறந்த சாட்சி கீறல். சின்னத்தின் மேல் ஓடும் பழைய கீறல் ஒன்றைப் பூதக்கண்ணாடி கொண்டு பின்தொடர வேண்டும். அது வர்ணத்தில் தொடங்கி, சின்னத்தைக் கிழித்து, மறுபடியும் வர்ணத்தில் இறங்கினால் இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை. கீறல் சின்னத்தின் அடியில் புகுந்து மறைந்து, அப்பால் மறுபடி எழுமானால், தொப்பி காயம்பட்ட பிறகு சின்னம் வந்து ஒட்டிக் கொண்டது என்பது வெளிப்படை.

காட்சிசாலை நிபுணர்களுக்கு விஞ்ஞானத்தின் துணையும் இருக்கிறது. புற ஊதாக் கதிர் விளக்கில், யுத்தத்திற்குப் பின் வழக்கத்திற்கு வந்த வெளுப்பூட்டும் ரசாயனம் கலந்த நூல் நீல ஒளி வீசித் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, ஒரு துளி வர்ணத்தையும் சுரண்டாமலே அதில் ஈயம் உண்டா, துத்தநாகம் உண்டா என்று கண்டறியவும் கருவி உண்டு. ஆயினும், மெய்யான தொப்பிகளை நிறையப் பார்த்துப் பழகிய கண்ணே முதற் கருவி. பவேரியாவில் இங்கோல்ஸ்டாட் நகரத்து ராணுவப் பொருட்காட்சிசாலையும், 2011-ல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட டிரெஸ்டன் நகரத்து யுத்த சரித்திரக் காட்சிசாலையும் அந்தப் பயிற்சிக்கு உகந்த இடங்கள். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத பொருள்களைக் கண்ட பிறகே சந்தைக்குப் போகவேண்டும்.

பொய்ச் சாட்சி

ஒரு பழைய தொப்பிக்காக இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். பணம் ஒரு காரணம். சின்னமில்லாத தொப்பிக்கு ஒரு விலை. கழுகு உள்ளதற்கு அதனினும் அதிகம். ஹிட்லரின் கறுப்புச் சட்டைப் படையினரது இரட்டை மின்னல் எழுத்துக்கள் பொறித்ததற்கோ பன்மடங்கு. ஆகவே சாதாரணச் சிப்பாய் ஒருவனின் தொப்பியில் அந்த எழுத்துக்களைப் புதிதாக ஒட்டி, பழமை ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் போர்முனையில் பனிக்காலத்துக்கென்று பூசிய வெள்ளைப் பூச்சு மழையில் கரைந்து போகும் இயல்புடையது. மெய்யாகத் தப்பியவை மிகச் சில. சந்தைக்கு வரும் வெள்ளைத் தொப்பிகள் அதிகமாயிருப்பதன் ரகசியம் இதுவே.

இதில் ஏமாந்தவனின் பணம் போவது சிறு நஷ்டம். பெரிய நஷ்டம் வேறு. எவனோ ஒரு குடியானவன் மகன், விருப்பமின்றிப் பட்டாளத்தில் இழுக்கப்பட்டுத் தன் பெயரைத் தொப்பியின் தோல் பட்டையில் எழுதி வைத்திருந்திருப்பான். அவனைக் கொலைஞர் படையில் சேர்த்து எழுதிவிடுகிறது புதிய சின்னம். அதற்கு நேர் எதிரான பொய்யும் உண்டு. மெய்யாகவே அந்தக் கொடிய படையினன் அணிந்த தொப்பியின் சின்னத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, 'இது ஒன்றும் அறியாத இரும்பு' என்று காட்டுவது. சாட்சியைக் கலைப்பது எந்தப் பக்கம் கலைத்தாலும் குற்றமே. ஜெர்மன் தேசத்துச் சட்டம், நாஜிக் கட்சியின் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. கல்விக்கும், ஆராய்ச்சிக்கும், சரித்திர போதனைக்கும் விலக்கு அளித்திருக்கிறது. மறைக்காதே, கொண்டாடாதே என்ற இரண்டு கட்டளைகளும் அதில் அடங்கியுள்ளன.

அடுப்பங்கரைக்கு வந்த தொப்பி

1945-ல் ஜெர்மனி தோற்று வீழ்ந்தது. நகரங்கள் கற்குவியலாயின. வீடுகளில் பாத்திரமில்லை, பாத்திரம் செய்ய இரும்பில்லை. இரும்புத் தொப்பிகளோ தெருவெங்கும் கிடந்தன, பட்டறைகளிலும் மிகுந்திருந்தன. ஜனங்கள் அவற்றைப் புரட்டிப் போட்டார்கள். பிடி வைத்து வாளியாக்கினார்கள்; கால் வைத்துச் சட்டியாக்கினார்கள். நூற்றுக்கணக்கான துளையிட்டு, காய்கறி அலசும் வடிதட்டாக்கினார்கள். நீண்ட கழியில் கட்டிச் சாணக் கரைசலை வயலுக்கு இறைத்தார்கள். அவற்றின்மேல் வெள்ளையும் நீலமும் சிவப்புமாக எனாமலோ வர்ணமோ பூசினார்கள். ஜெர்மானியக் காட்சிசாலைகள் பலவற்றில் இத்தகைய வடிதட்டுகளை இன்று கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள்.

நார்வே தேசத்தில் வேறு விதம். சரணடைந்த ஜெர்மன் படைகள் விட்டுச் சென்ற தொப்பிகளுக்கு அந்நாட்டு ராணுவம் புதுப் பூச்சு ஏற்றித் தன் சிப்பாய்களுக்கு வழங்கிற்று. ஆக்கிரமித்தவனின் தொப்பி, ஆக்கிரமிக்கப்பட்டவனின் தலைக்குக் காவலாயிற்று.

இங்கேதான் தொப்பி சேகரிப்போரிடையே பெரிய விவாதம் எழுகிறது. மேலே இருக்கும் நார்வேக்காரரின் பச்சையைக் கரைத்தால் அடியில் ஆதிப் பூச்சு கிடைக்கும். சமையலறை வர்ணத்தைச் சுரண்டினால் கழுகு வெளிப்படலாம். விலையும் ஏறும். ஆகவே கரைக்கிறார்கள், சுரண்டுகிறார்கள். அதை 'மீட்பு' என்றும் சொல்லிக் கொள்கிறார்கள்.

இது மீட்பாகுமா? ஆதிப் பூச்சு என்பதற்குப் பட்டறையில் முதன்முதல் ஏறிய பூச்சு என்று மட்டும் பொருள் கொள்வது குறுகிய நோக்கு. 1918-ல் குழியில் பதுங்கியவன் பூசிய காவி, அவனுக்கு ஆதிப் பூச்சு. 1946-ல் குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு அலசுவதற்காக ஒரு தாய் பூசிய நீலம், அவளுக்கு ஆதிப் பூச்சு. அதைச் சுரண்டி எறிந்து அடியிலுள்ள கழுகைத் தேடுகிறவன், பசியின் சரித்திரத்தை அழித்துப் படையெடுப்பின் சரித்திரத்துக்கு மெருகு கொடுக்கிறான். தோல்வியும் பசியும் வெட்கமும் அந்தத் தேசத்துக்குக் கற்பித்த பாடம் அந்த மேற்பூச்சில் அல்லவோ இருக்கிறது? காலத்தால் ஏறிய பூச்சு மெய். காசுக்காக ஏறிய பூச்சு பொய். மதிப்பிடுவோர் பிரிக்க வேண்டிய கோடு இது ஒன்றே.

பொருட்காட்சிசாலைகளில் பழம்பொருள்களைப் பேணுவோர் இதை உணர்ந்தவர்கள். அவர்கள் புதிதாய் வந்த தொப்பியைத் தேய்ப்பதில்லை. எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவதுமில்லை. தளர்ந்த தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, ஈரம் அண்டாத இடத்தில் வைத்து, நான்கு பக்கமும் படம் பிடித்து, எந்தப் பூச்சின் மேல் எந்தப் பூச்சு இருக்கிறது என்று எழுதி வைக்கிறார்கள். பழைய பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது போல இதற்கும் புதுமை ஏற்றலாம் என்று எண்ணினால், ஒரு நாழிகையில் முப்பது வருஷத்துச் சரித்திரம் கந்தல் துணியோடு குப்பைக்குப் போய்விடும்.

தாலே நகரம் யுத்தத்திற்குப் பின் ரஷ்யரின் ஆதிக்கப் பகுதியில் சேர்ந்தது. பட்டறை பொதுவுடைமையாயிற்று. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பின் மறுபடி தனியார் வசமாயிற்று. இன்று அவ்வூரில் ரசாயனத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய, உட்புறம் கண்ணாடிப் பூச்சு ஏற்றிய பெரிய இரும்புக் கலங்கள் செய்கிறார்கள். பழைய பட்டறையின் வரலாற்றைச் சொல்ல ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. மலைமேல் செல்லக் கம்பி ரயில் 1970 முதல் ஓடுகிறது. சூனியக்காரிகள் ஆடும் மேடையைக் காணப் போகும் பிரயாணிகள், அதில் ஏறுமுன் கீழே ஒரு மணி நேரம் தங்கிச் செல்வது நலம். சட்டி செய்த கை தொப்பி செய்ததையும், தொப்பி மறுபடி சட்டியானதையும் இரும்பின் மேலேயே படிக்கலாம். அதன் மேலுள்ள வர்ணத்தை ஒருவரும் சுரண்டாதிருக்கும் வரையில்.